குசினியில் ஈயம்

"ஒண்டு கேள், கலிஸ்ரா. என்னத்தைக் கேட்டாலும் மாட்டன் எண்டு சொல்லமாட்டன்."

"இப்பவே கேட்டு முடிச்சால் பிறகு என்ன செய்யிறது? வைச்சிருக்கிறன்."

கல்யாணத்துக்கு முதல் கிழமை அளம்பில் ஊர்க் கோயில் மதிலோரம் வின்சன் சொன்னதும் அவள் பதிலும் அவ்வளவுதான். ஆறு வருசமாகியும் கலிஸ்ரா அந்த ஒன்றைக் கேட்கவில்லை.

போர்க்காலப் பொருளாதாரத் தடையால் வலைக்குக் கட்ட ஈயக்குண்டு ஊருக்கு வரவில்லை. வின்சன் பழைய லொறி பற்றரிகளை உடைத்து, ஈயத்தை உருக்கி, குண்டு வார்த்து விற்றான். பற்றரித் தண்ணி குடித்த இரண்டு ஆடுகள் செத்த பிறகு மீனவர் சங்கம் சட்டம் போட்டது. உருக்குவது ஊருக்கு வெளியே மணல்திட்டியில்தான். பற்றரியின் அமிலப் புளித்தண்ணியைச் சுண்ணாம்புக் கிடங்கில் ஊற்றவேண்டும். அப்படிச் செய்பவருக்குச் சங்கம் ஒரு அனுமதித் துண்டு கொடுக்கும். வீட்டில் உருக்கிப் பிடிபட்டால் துண்டும் போகும், தொழிலும் போகும்.

மணல்திட்டியில் கடற்காற்று நெருப்பை நிற்க விடாது. அதனால் வின்சன் வீட்டுக் குசினி அடுப்பிலேயே உருக்கினான். சங்கத்துப் பேதுரு பார்க்க வரும் சனிக்கிழமைகளில் மட்டும் ஈயம் உருக்கும் தாச்சியையும் ஒரு வாளி சாம்பலையும் காலையிலேயே திட்டிக்குக் கொண்டுபோய் வைப்பான்.

பேதுரு சாம்பலைக் காலால் கிளறுவார். "நேற்றே எரிச்சது?"

"ஓம், அண்ணை."

அந்தத் துண்டில் வீட்டுக்காரியும் சாட்சிக் கையெழுத்து வைக்கவேண்டும். முதல்தரம் கலிஸ்ராவின் கை தயங்கியது.

"கையெழுத்துத்தானே கேட்டனான். காணியே எழுதச் சொன்னனான்?" என்று வின்சன் சிரித்தான். அவளும் சிரித்துவிட்டு வைத்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தானே அவனைக் கட்டினாள்.

நான்கு வயது மகள் யூலியானா அடுப்படியில் குண்டுகளை உருட்டி விளையாடுவாள். வாயிலும் வைப்பாள். மாரி தொடங்கியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். முகம் வெளிறியது. பிறகு கதைபேச்சு குறைந்தது. ஒருநாள் கோப்பையைப் பிடித்த வலது கை மணிக்கட்டோடு தொங்கிவிட்டது.

"என்ரை மகாராணிக்குக் கை தூக்கப் பஞ்சி," என்றான் வின்சன். "ஊட்டிவிட ஆள் இருக்கெண்டு தெரியும் அவளுக்கு."

கலிஸ்ரா அன்றைக்கு மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். வின்சன் பின்னால் சைக்கிளில் வந்தான்.

டொக்டர் பிள்ளையின் வாயைத் திறந்து பல்முரசைப் பார்த்தார். தொங்கிய கையைத் தூக்கிவிட்டார். அது திரும்ப விழுந்தது.

"வீட்டிலை ஈயம் உருக்கிறனீங்களோ?"

"இல்லை, டொக்டர்." வின்சன் சட்டைப் பையிலிருந்து சங்கத்துத் துண்டை எடுத்து மேசையில் விரித்தான். "எல்லாம் மணல்திட்டியிலைதான். வீட்டுக்காரியும் சாட்சி வைச்சிருக்கிறா, பாருங்கோ."

டொக்டர் கலிஸ்ராவின் கையெழுத்தைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அவள் குனிந்தாள்.

"ஈயமெண்டால் உடனை வவுனியாவுக்கு அனுப்பவேணும். தடையைத் தாண்டிப் போகப் பாஸ் எடுக்க நான் கடிதம் தரவேணும். இல்லையெண்டால் வயித்துப் பூச்சிக்கு மருந்து தாறன்."

"பூச்சிதான், டொக்டர். மண் தின்னிறவள்," என்றான் வின்சன். மகளின் கன்னத்தைச் செல்லமாகக் கிள்ளினான். பிள்ளை முகத்தைத் திருப்பக்கூட இல்லை.

டொக்டர் பூச்சி மருந்து எழுதத் தொடங்கினார்.

"இஞ்சேருங்கோ," என்றாள் கலிஸ்ரா. வின்சன் திரும்பினான். "கோயிலடியிலை ஒண்டு கேக்கச் சொன்னனீங்கள். இப்ப கேக்கிறன். குசினியிலைதான் உருக்கிறனாங்கள் எண்டு இவருக்குச் சொல்லுங்கோ."