மையவாடிக்கு மேலே ஒரு விமானம்

வாப்பாவைக் குளிப்பாட்டி, கபன் துணியிட்டு, சந்தூக்குப் பெட்டியில் வைத்து மூடும்போதும் அந்த இரைச்சல் கூரைக்கு மேலால் போனது. காலையிலிருந்தே போய்க்கொண்டிருந்தது. சைலன்சர் உடைந்த மோட்டார் சைக்கிளை யாரோ ஆகாயத்தில் ஓட்டிப் பழகுவதுபோல ஒரு சத்தம். கடல் பக்கம் போய்த் தேயும். திரும்பி வந்து பள்ளிவாசலுக்கும் அதை ஒட்டி மையித்துகளை அடக்கும் மையவாடிக்கும் மேலே ஒரு வட்டம் அடித்து, எங்கள் ஒழுங்கையைக் கடந்து மறுபடி கடலுக்குப் போகும். சாம்பல் நிறத்தில், ஆளில்லாத விமானம். குச்சவெளிக் கரையில் இராணுவப் பயிற்சி என்றால் ஏதாவது ஒன்று பறக்கும். நாங்கள் நிமிர்ந்து பார்ப்பதை விட்டுக் கனகாலம்.

மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று அறிவித்திருந்தார்கள். முற்றம் நிறைய ஆட்கள். சந்தூக்கைத் தூக்கப்போகும் நேரம் பார்த்து ஒழுங்கை முனையில் ஒரு ஜீப் குறுக்காக வந்து நின்றது. இறங்கியவர் இளம் அதிகாரி. மடிப்புக் கலையாத சீருடை, கையில் ஒரு டெப் கணினி. மறு அறிவித்தல் வரும்வரை பள்ளிவாசல் பக்கம் யாரும் போகக்கூடாது என்று சிங்களத்தில் சொன்னார்.

பள்ளிவாசல் தலைவர் ஜவ்பர் ஹாஜியார் ஓடிப்போய் அவருக்கு முன்னால் நின்றார். எங்களோடு கதைக்கும்போது பனைபோல நிமிர்ந்திருக்கும் முதுகு, சீருடையைக் கண்டால் மட்டும் தானாக வளையும். "ஓகே சேர், ஓகே சேர்" என்றார். அதோடு விடவில்லை. மையித்து வீடான எங்கள் வீட்டுக்குள்ளிருந்தே உட்கார ஒரு கதிரையும் குளிர்ந்த சோடாவும் எடுப்பித்து அதிகாரிக்குக் கொடுத்தார்.

என் தம்பி நிப்றாஸ் வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டான். "ராத்தா, நீங்க வந்து கதைங்க. எனக்குக் கோவம் வந்தா சிங்களம் வராது."

நான் கந்தளாயில், சிங்களவர்கள் மருந்து வாங்க வரும் பாமசி ஒன்றில் வேலை செய்தவள். கோபத்திலும் எனக்குச் சிங்களம் வரும். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு போய் என்ன பிரச்சினை என்று கேட்டேன்.

"பிரச்சினை ஒன்றும் இல்லை. வழமையான பயிற்சி."

"அப்படியென்றால் எங்கள் வாப்பாவை அடக்க விடுங்கள்."

"விமானம் இறங்கியதும் போகலாம். அது எங்கள் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது."

அவர் மடியிலிருந்த டெப்பில் சின்ன வட்டமொன்று சுற்றிக்கொண்டே இருந்தது. இணைப்புப் போனால் என் மகளின் போனில் சுற்றுமே, அதே வட்டம்.

"கட்டுப்பாட்டில் இருந்தால் இறக்குங்கள்."

"எரிபொருள் முடிந்ததும் தானாக இறங்கும்."

"தேங்காயும் தானாகத்தான் இறங்குகிறது. அதை யார் கட்டுப்படுத்துகிறார்கள்?"

பின்னால் நின்ற சிப்பாய் ஒருவன் சிரித்துவிட்டான். அதிகாரி திரும்பிப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு அணைந்தது. விமானம் யாருடையது என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். நம் நாட்டுடையதா, பயிற்சிக்கு வந்த வேறு நாட்டுடையதா என்று கேட்டதற்கும் அதே பதில். அவருடைய ஆட்கள் எல்லோரும் ஒழுங்கை முனைக் கடையின் கொங்கிறீட் தாழ்வாரத்துக்குக் கீழேயே நின்றார்கள். தங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும் பொருளுக்கு அவ்வளவு பயம். எங்கள் தலைகளுக்குத் தகரக் கூரை போதும் என்று யாரோ முடிவு செய்திருந்தார்கள்.

வாப்பா மீன் லொறி ஓட்டியவர். யுத்த காலத்தில் சோதனைச்சாவடிகளில் ஐஸ் உருகி, மீன் நாறும்வரை காத்து நின்றவர். இறங்கு என்றால் இறங்கி, ஏறு என்றால் ஏறி, நில் என்றால் நின்று முடிந்த ஆயுள். மவுத்தான பிறகும் அவரை நில் என்று சொல்ல ஒருவன் டெப்போடு வந்திருக்கிறான். இதை நினைத்தபோது எனக்கு அழுகை வரவில்லை. காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

அப்போது நிப்றாஸ் சொன்னான், "கபுறு வெட்டுற இஹ்ஸான் இன்னும் உள்ளுக்குத்தான் இரிக்கிறான். போன் எடுக்கிறானில்ல."

நான் அதை அதிகாரிக்குச் சொன்னேன். உள்ளே இருப்பவர்கள் வெளியேற வேண்டும் என்று ஏற்கெனவே ஒலிபெருக்கியில் அறிவித்தாயிற்று என்றார். எந்த மொழியில் என்று கேட்டேன். அவர் சோடாவைக் குடித்தார்.

"சேரோட தர்க்கம் பண்ணாதீங்க புள்ள," என்றார் ஹாஜியார். "அவங்களுக்குத் தெரியாததா?"

அந்த நேரம்தான் இரைச்சல் நின்றது. காலையிலிருந்து காதுக்குள் கிடந்த சத்தம் ஒரேயடியாக இல்லாமல் போனதும் எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். ஒரு பக்கம் சரிந்து, பள்ளிவாசல் மினாராவை உரசுவதுபோலத் தாண்டி, அது மையவாடிக்குள் போனது. மதில் உடையும் சத்தம். பிறகு மணல் எழும்பியது.

நிப்றாஸ் ஓடினான். நானும் ஓடினேன். பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை என்பது என் கால்களுக்கு நினைவில்லை. வாப்பாவுக்காக வெட்டிய குழிக்குள் இஹ்ஸான் குந்தியிருந்தான். தலை நிறைய மணல். மதில் கல் விழுந்து இடது கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கம் திரும்பித் தொங்கியது. எங்களுக்குப் பின்னால் ஓடிவந்த அதிகாரி அந்தக் குழியைத் தாண்டிப் பாய்ந்து உடைந்த விமானத்திடம் போனார். யாரும் படம் எடுக்கக்கூடாது என்று கத்தினார். பிறகு போனில் கதைத்தார்.

"என்னவாம் ராத்தா?" என்று இஹ்ஸான் கேட்டான்.

"பாதுகாப்பா இறக்கிட்டாங்களாம். சேதம் ஒண்டும் இல்லையாம்."

"அப்ப இது ஆர்ட கை?"

அவனை ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பொடியன்மார் குழிக்குள் விழுந்த கற்களை எடுத்தார்கள். இனிப் போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. நிப்றாஸும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, "தூக்குங்க" என்றான். சந்தூக்கு எங்கள் வாசலைத் தாண்டியது. நான் வேலிப் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு பக்கமும் வேலி அடைத்து, பள்ளிவாசலில் போய் முடியும் குறுகிய ஒழுங்கை. முனையில் நின்ற ஜீப் உள்ளே வராததால் சிப்பாய்கள் விமானத்தின் உடலைத் தோளில் சுமந்து எதிரே வந்துகொண்டிருந்தார்கள். அதை மரியாதையாகத் தறப்பாளால் போர்த்தியிருந்தார்கள். முன்னால் வந்த அதிகாரி, ஒதுங்கும்படி கையை ஆட்டினார்.

"கொஞ்சம் ஒதுங்குவம் தம்பி," என்றார் ஹாஜியார். "அவங்களுக்கு அவசரம்."

"வாப்பாக்கும் அவசரந்தான்," என்றான் நிப்றாஸ்.

ஹாஜியார் மட்டும் வேலியோரம் ஒதுங்கினார். சந்தூக்கைச் சுமந்தவர்களில் ஒருவரும் அசையவில்லை. சிப்பாய்களும் எங்கள் படலைக்கு முன்னாலேயே நின்றார்கள். பாரம் தாங்காமல் தோள் மாற்றும் மூச்சு இரண்டு பக்கமும் கேட்டது. கடற்காற்றில் தறப்பாளின் ஒரு மூலை கிளம்பியது. உள்ளே சின்னச் சிவப்பு லைற் ஒன்று இன்னும் மின்னி மின்னி அணைந்துகொண்டிருந்தது. அதிகாரி அவசரமாக அதன்மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். அவருடைய விரல்கள் சிவந்தன, கறுத்தன, மறுபடி சிவந்தன.