நானூற்றுச் சொச்சம் எழுத்துகள்

கொட்டேஷன் வரவில்லை என்று விடுதி மேலாளர் மூன்றாவது தடவையாகச் சொன்னபோதுதான் அக்காவுக்கு உறைத்தது. விடுதிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் தைத்துக் கொடுக்கிற கடை அவளுடையது. கடையின் ஆறு தையல்காரர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பதினைந்து வயது மூத்த கட்டிங் மாஸ்டரும் அப்படித்தான். நாமும் அப்படியே கூப்பிட்டுவிட்டுப் போவோம்.

கடையின் பெயரிலேயே இருக்கும் முகவரியிலிருந்து அவள் மூன்று தடவையும் ஒழுங்காகத்தான் மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். எல்லாம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தன. இருநூறு அறைக்கான ஆர்டர் அது. வெள்ளிக்கிழமைக்குள் கொட்டேஷன் வராவிட்டால் வேறு கடையைப் பார்த்துக்கொள்கிறோம் என்று மேலாளர் போனை வைத்துவிட்டார்.

கம்ப்யூட்டர்காரர் வந்து பார்த்தார். ஐந்தே நிமிடம்தான். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார். கடையின் பெயரைப் போட்டு யார் வேண்டுமானாலும் கடிதம் அனுப்பலாம் என்கிற நிலையில் டொமைன், அதாவது கடையின் இணையப் பெயர், திறந்த வீடாகக் கிடக்கிறது, அதனால் கடிதத்தைப் பெறுகிறவர்களின் கணினி எல்லாவற்றையும் ஸ்பாம் என்று ஒதுக்கிவிடுகிறது என்றார். டொமைன் வாங்கிய இடத்தில் மூன்று வரி சேர்க்க வேண்டும். இரண்டு வரி சின்னது. மூன்றாவது ஒரு சாவி, நானூற்றுச் சொச்சம் எழுத்து. மூன்றும் சேர்ந்தால்தான் இந்தக் கடிதம் இந்தக் கடையுடையதுதான் என்று உலகம் நம்பும். கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டார்.

தம்பி பெயரில் இருந்தது. அக்கா அதைச் சொல்வதற்குள் தொண்டையை இரண்டு தடவை செருமிக்கொண்டாள்.

அக்காவும் தம்பியும் பேசி இரண்டு வருடமாகிறது. அப்பா படுக்கையில் விழுந்தபோது தம்பி வெளியூரில் புது வேலையில் சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அவனுக்குச் சொல்லாதே, போட்டது போட்டபடி ஓடிவந்துவிடுவான் என்று அப்பா அவளிடம் சத்தியம் வாங்காத குறை. அவளும் சொல்லவில்லை. அவன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. என்னை ஏன் அந்நியனாக்கினாய் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். அப்பாதான் சொல்ல வேண்டாம் என்றார் என்று அவளால் பதில் சொல்ல முடியவில்லை. போன மனிதர்மேல் பழியைப் போட அவளுக்கு மனம் வரவில்லை. அவன் அன்று மாலையே கிளம்பிவிட்டான். அதற்குப் பிறகு எத்தனை தடவை எழுத உட்கார்ந்தாளோ, அத்தனை தடவையும் எழுதியதை அழித்துவிட்டு எழுந்தாள். நீரடித்து நீர் விலகாது என்று மாஸ்டர் அடிக்கடி சொல்வார். விலகித்தானே கிடக்கிறது என்று அவளுக்கு எரிச்சலாக வரும்.

ஆனால் வீம்பு பார்த்தால் ஆறு தையல்காரர்களின் பிழைப்பு நடக்காது. மதியம் ஒரு மணிக்கு, எந்திரங்கள் நின்று எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், அவனைக் கூப்பிட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தான். அவள் விஷயத்தை மட்டும் சொன்னாள். அவன் நலம்கூட விசாரிக்கவில்லை.

"சரி, படி. நான் அடிக்கிறேன்," என்றான்.

அவள் படித்தாள். பெரிய எம், சின்ன ஐ, பெரிய ஜி, சாய்கோடு, ஏழு. இப்படியே நானூறு. நடுவே அவள் இருமியபோது, "இன்னும் அந்தப் பஞ்சுத் தூசியிலதான் உட்கார்றியா?" என்று மட்டும் கேட்டான். முடிந்தபோது முக்கால் மணி நேரமாகியிருந்தது. எங்கேயோ ஓர் எழுத்து இடறுகிறது, நாளைக்கு மறுபடியும் பார்க்கலாம் என்று வைத்துவிட்டான்.

மறுநாள் ஒரு மணிக்கு அவனே கூப்பிட்டான். மறுபடியும் முதல் எழுத்திலிருந்து. இந்தத் தடவை இருபது எழுத்துக்கு ஒருமுறை நிறுத்தி ஏதாவது கேட்டான். மாஸ்டருக்குக் கண் தெரிகிறதா, இன்னும் கோணலாகத்தான் வெட்டுகிறாரா என்றான். இவள் சிரித்துவிட்டாள். சிரித்ததில் எந்த வரியில் இருந்தோம் என்பது மறந்துபோய், அதற்கும் முதலிலிருந்து படிக்க வேண்டியதாயிற்று. மூன்றாம் நாளும் இதே கதை. அப்பாவைப் பற்றி மட்டும் இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை. காலையில் கடை திறக்கும்போதே அக்கா கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். ஒரு மணிக்காக அவள் இப்படி ஏங்குவதைப் பார்த்து, அக்காவுக்குப் பசி கூடிவிட்டது என்று தையல்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் கம்ப்யூட்டர்காரர் கோபமாக வந்தார். இன்னுமா சரியாகவில்லை என்றார். படித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், ஏதோ ஓர் எழுத்து இடறுகிறது என்றாள் அக்கா.

"படிச்சுச் சொல்றீங்களா? இதையெல்லாம் யாரும் படிக்க மாட்டாங்கக்கா. மெசேஜ்ல அனுப்பினா அவர் அப்படியே எடுத்து ஒட்டிடுவார். ரெண்டு நிமிஷ வேலை. உங்க தம்பி என்ன வேலை பார்க்கிறார்?"

"இதே வேலைதான்," என்றாள் அக்கா.

அக்கா எதிரே இருந்த துணிச் சுருளைத் தடவிக்கொண்டு நின்றாள். ஒரு நாள் தூங்கி எழுந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் காய்ச்சல் விட்டுப்போகுமே, அப்படி இருந்தது அவளுக்கு. தெரிந்தேதான் படிக்கச் சொல்லியிருக்கிறான்.

ஆனால் இன்று வெள்ளி. இதை அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது. வேலை முடிந்தால் அவன் கூப்பிட என்ன காரணம் இருக்கிறது? இன்னும் ஒரே ஒரு மதியம் படித்துப் பார்க்கலாமா என்றுகூட நினைத்தாள். வெட்கமாக இருந்தது. உள்ளே ஆறு எந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. மூன்று வரிகளையும் மெசேஜில் அனுப்பினாள்.

மூன்றாம் நிமிடம் திரையில் பச்சை நிறத்தில் 'சரிபார்க்கப்பட்டது' என்று வந்தது. தம்பியிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. கொட்டேஷனை அனுப்பினாள். பத்தே நிமிடத்தில் கிடைத்தது என்று மேலாளர் பதில் எழுதினார். கம்ப்யூட்டர்காரர் சந்தோஷமாகக் கிளம்பினார். அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவன் பேசுவதற்கு வைத்திருந்த சாக்கை நானே பிடுங்கிவிட்டேனே என்றுதான் அவள் மனம் அடித்துக்கொண்டது.

ஒரு மணி ஆயிற்று. எந்திரங்கள் நின்றன. போன் அசையவில்லை. ஒன்று பத்து, ஒன்று இருபது. மாஸ்டர் வந்து சாப்பிடவில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார். தானே கூப்பிடலாம் என்று போனை எடுத்தாள், என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் கீழே வைத்தாள். வைத்த கையோடு அது அடித்தது.

உடனே எடுத்தாள்.

"பச்சை வந்துடுச்சா?" என்றான்.

"வந்துடுச்சு."

"அப்போ படிக்க ஒண்ணும் இல்ல."

"இல்ல," என்றாள்.

மறுமுனையில் அவன் மூச்சு விடுவது கேட்டது. பிறகு சொன்னான்.

"அப்பா படுத்ததுல இருந்து சொல்லுக்கா. அவசரப்படாதே. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அது ஒரு செவ்வாய்க்கிழமை, அப்பா சட்டைப் பித்தானைப் போட முடியாமல் என்னைக் கூப்பிட்டார் என்று ஆரம்பித்தாள். இரண்டு மணிக்குத் தையல்காரர்கள் திரும்பி வந்தபோது, மாஸ்டர் அவர்களை வாசலிலேயே நிறுத்தி, இன்னும் கொஞ்ச நேரம் கழித்து எந்திரத்தைப் போடலாம் என்றார்.