குலுக்கலில் விழுந்த வழிப்புள்ளி

பக்கத்தில் பெண்கள் தம்ளரைக் குலுக்கிச் சீட்டெடுக்கும்போது ருமினா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. விற்பதற்காக வாணலியில் தெம்பே என்னும் சோயாக்கட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவள் பெயர் போன மழைக்காலத்திலேயே விழுந்து தீர்ந்துவிட்டது. அதன்பின் அவளால் பங்கு போட முடியவில்லை. பாவம், யாரும் கேட்கவும் இல்லை.

ஜகார்த்தாவில் மாதம் பிறந்தால் அரசாங்கம் தரும் வழிப்புள்ளி ஆளுக்குச் சமமாகப் போனில் ஏறும். நடுநகரத்துக்குள் வண்டியில் போனால் கழியும். மிஞ்சினால் கார்க்காரர்களுக்கு விற்கலாம். இந்தச் சந்துக்காரர்களுக்கு நடுநகரத்தில் என்ன வைத்திருக்கிறது? தனித்தனியே விற்றால் கைக்கும் வாய்க்கும் பற்றாது என்று, மொத்தத்தையும் சேர்த்து மாதம் ஒருத்திக்குக் கொடுக்கும் குலுக்கல் நடத்தினார்கள். ருமினாவின் புருஷன் கர்சோனோவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய், ரத்தம் சுத்தம் செய்ய நடுநகரத்து ஆஸ்பத்திரிக்கு அலைந்ததில் அவர்கள் புள்ளி பாதி மாதத்திலேயே தீர்ந்தது. பஸ்ஸுக்குப் புள்ளி வேண்டாம், ஆனால் அதைப் பிடிக்கப் பாலப்படி ஏற வேண்டும். வீங்கிய காலோடு அவனால் ஆகாது. போன முறை போகவே இல்லை.

சீட்டு லஸ்த்ரிக்கு விழுந்தது. ஒழுகும் கூரைக்குத் தகரம் வாங்கக் காத்திருந்தவள் அவள்.

"போனைக் குடு, ருமினா. எல்லாரும் உனக்கே அனுப்பட்டும். உன் புருஷன் எந்திரிச்சு வந்து என் கூரையை மாத்திக் குடுத்தாப் போதும்."

ருமினா முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் காலை, அதே சந்தில் இருக்கும் துல்மானானின் பஜாஜ் ஆட்டோவில் கர்சோனோவைச் சாய்த்து உட்கார வைத்துக் கிளம்பினார்கள். நேரம் தவறினால் ஆஸ்பத்திரிப் படுக்கை அடுத்தவருக்குப் போய்விடும். நடுநகர நுழைவாயிலில் தடுப்புக் கம்பு எழவில்லை. காவலர் அவள் போனை வாங்கிப் பார்த்தார்.

"புள்ளி வியாபாரிக் கணக்குன்னு காட்டுதும்மா. ஒரே நாள்ல இத்தனை பேர்கிட்டயிருந்து வந்திருக்கு. விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் பூட்டி வெச்சிருப்பாங்க."

"நான் வாங்கலைங்க. குடுத்தாங்க."

"சும்மா யாரும்மா குடுப்பாங்க?"

அவர் குரலில் கடுமை இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். துல்மானானின் புள்ளியும் குலுக்கலில் சேர்ந்திருந்த அவன் பெண்டாட்டி வழியாக அதே பூட்டுக்குள் கிடந்தது. வெளியில் புள்ளி வாங்கலாமென்றால் தெம்பே விற்ற காசு எந்த மூலைக்கு? பின்னால் ஹாரன் அலறியது. பஜாஜை ஓரம் கட்டச் சொன்னார்கள்.

கர்சோனோ மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்: "திரும்பிடலாம், ருமி. அடுத்த தடவை பாத்துக்கலாம்."

"அடுத்த தடவை வரைக்கும் உங்களை நான் எப்படி வெச்சுக் காப்பாத்துவேன்?"

நடந்து போகிறவர்களுக்குப் புள்ளி தேவையில்லை என்று காவலரே சொன்னார். அவள் குனிந்தாள். துல்மானான் கர்சோனோவை அவள் முதுகில் ஏற்றிவிட்டான். வண்டியை விட்டு வர அவனால் முடியவில்லை, நின்று கண்ணைத் துடைத்தான். எலும்பும் தண்ணீருமாக இருந்த கர்சோனோ கல்லாய்க் கனத்தான். அவன் மூச்சு அவள் காதில் கரகரத்தது.

கம்புக்கு அந்தப் பக்கம் சாலை அகலமாக, காலியாகக் கிடந்தது. எப்போதாவது ஒரு கார் வந்தது. அது நிற்பதற்குள் கம்பு தானாக எழுந்தது.

"ஓரமாப் போங்கம்மா," என்று காவலர் பின்னாலிருந்து கத்தினார்.

அந்த வெற்றுச் சாலையில் அவள் ஓரமாக ஒதுங்கி நடந்தாள்.