ஏழு நாற்பதுக்கு அஞ்சு

கண்ணுங்களா, முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் தெரு முடிகிற இடத்தில்தான் விமானப்படையின் மதில் ஆரம்பிக்கும். படம் எடுக்காதே, நிற்காதே என்று அதில் வரிசையாகப் பலகைகள். அந்தத் தெருவில் ஒரு வெளிநாட்டுப் பெண் தினமும் காலையில் மொட்டை மாடியில் நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நோட்டில் ஏதோ எழுதினால், அந்த வீட்டுக்காரரான என் பக்கத்து வீட்டு ரவிச்சந்திரனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

அவர் ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்து நாலு வருஷம் ஸ்டோரில் இருந்தவர். போகும்போதும் வரும்போதும் கேட்டில் டிபன் பாக்ஸைத் திறந்து காட்டிப் பழகியவர். ரிட்டயர் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. நான் முருங்கைக்கீரை கொண்டு போனால்கூடக் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார்.

அவர் மகள் தீபிகாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை. அங்கே புதிதாக வந்த மெஷினைச் சொல்லிக்கொடுக்கச் செக் நாட்டிலிருந்து ஆறு வாரத்துக்கு வந்தவள்தான் இந்த லெங்கா. “ஹோட்டல்ல தனியா எதுக்குக் கெடக்கணும், எங்க ஊட்டுக்கு வா” என்று தீபிகா கூட்டிவந்துவிட்டாள். அதே சமயத்தில்தான் அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையிலேயே தீபிகாவுக்கும் வேலை கிடைத்திருந்தது. மூன்று வருஷம் பரீட்சை எழுதிக் கிடைத்தது. போலீஸ் விசாரணை ஒன்றுதான் பாக்கி. அதில் ஒரு கெட்ட பெயர் விழுந்தால் எல்லாம் போச்சு.

அம்மா நாகம்மாவுக்கு இதெல்லாம் கவலையே இல்லை. லெங்காவுக்குத் தன் நைட்டியைக் கொடுத்து, தரையில் உட்காரவைத்து மொச்சை உரிக்கவைத்து, தமிழில் நாலு வார்த்தையும் சொல்லிக்கொடுத்தாள். “எம்மாம் நல்ல பொண்ணு, ஒரு சொத்தைகூட உள்ள போடல” என்று என்னிடம் ஒரே பெருமை.

ரவிச்சந்திரன் குரலைத் தாழ்த்தி, “சிரிக்கிறவங்களைத்தான் அக்கா மொதல்ல பாக்கணும்” என்றார்.

ஒருநாள் அந்தப் பெண் குளிக்கப் போன நேரத்தில் பையைத் திறந்தேவிட்டார். நோட்டு முழுக்கத் தெரியாத எழுத்து. எழுத்துகளின் தலையில் சின்னச் சின்னக் கொம்பு வேறு. நடுப் பக்கத்தில் நீளமாக ஒரு கோடு, நம் மதில் மாதிரி. அதை ஒட்டி வரிசையாகக் கட்டங்கள். கட்டத்துக்குக் கட்டம் நேரம், பக்கத்தில் ஒரு எண். ஏழு பத்துக்கு மூணு. ஏழு நாற்பதுக்கு அஞ்சு.

ஏழு நாற்பதுக்குத்தான் முகாமிலிருந்து வண்டிகள் வெளியே வரும். மறுநாள் வாட்ச்சும் கையுமாகப் போய் டீக்கடை ஓரம் நின்று எண்ணினார். மூன்று வண்டிதான் வந்தது. மீதி ரெண்டு வேறு வழியாகப் போயிருக்கும் என்று முடிவு கட்டிக்கொண்டார். சந்தேகம் வந்த மனுஷனுக்குக் கணக்கு உதைத்தாலும் அதுவும் சாட்சிதான்.

மகளைக் கூப்பிட்டு, “அவ இங்க தங்குறது யாருக்கும் தெரியக் கூடாது” என்றார். தீபிகா, “சரிப்பா” என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏட்டு கோதண்டம் விசாரணைக்கு வந்தார். அக்கம்பக்கத்து சாட்சி வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டார்கள்.

“ஊட்ல மொத்தம் எத்தினி பேரு?”

“மூணு பேர்தான் சார். நான், சம்சாரம், பொண்ணு.”

“வேற யாரும் தங்கலியே?”

“யாரும் இல்ல சார்.”

நான் மின்விசிறியைப் பார்த்தேன். நாகம்மா காபி டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டாள். தீபிகா, “அப்பா...” என்று வாயெடுத்தாள். அதற்குள் சமையலறையில் குக்கர் விசில் அடித்தது.

“ஒண்ணூ!” என்று உள்ளே இருந்து ஒரு குரல்.

ஏட்டு எழுதுவதை நிறுத்தினார். மறுபடியும் விசில்.

“ரெண்டூ!”

“நீங்க இங்க கீறீங்க. அம்மா கையில காபி கீது. பொண்ணு எதிர்ல கீது. உள்ள எண்ணுறது யாரு சார், குக்கரா?”

லெங்கா நைட்டியும் நோட்டுமாக வெளியே வந்து, “மூணு வந்தா நிறுத்து, சரியா ஆன்ட்டி?” என்றாள்.

ஏட்டு தன் போனை எடுத்து நீட்டினார். “வெளிநாட்டுக்காரங்க தங்குனா ஒரு நாளைக்குள்ள எங்ககிட்ட பதியணும். உம் பொண்ணு வந்த அன்னிக்கே பதிஞ்சிட்சு. எல்லாம் தெரிஞ்சிதான் வந்தேன். உம் பொண்ணு ஒண்ணும் மறைக்கல, நீதான் மறைச்ச. இப்ப இந்த ஊட்டப் பத்தி நான் இன்னான்னு எழுதறது?”

ரவிச்சந்திரன் லெங்காவின் கையைச் சுட்டிக்காட்டினார். “அந்த நோட்டைப் பாருங்க சார். நேரம் எல்லாம் குறிச்சு வெச்சிருக்கா” என்றார்.

லெங்கா தானாகவே நோட்டைப் பிரித்துக் காட்டினாள். தீபிகா கேட்டுச் சொன்னாள். அவர்கள் ஊர்க் குக்கர் சும்மா சீறுமாம், இப்படி விசில் அடிக்காதாம். எந்த வீட்டில் எத்தனை விசில், என்ன சமையல் என்று பத்து நாளாக எழுதியிருக்கிறாள். துவரம்பருப்புக்கு மூணு. ஏழு நாற்பதுக்கு அஞ்சு, எதிர்வீட்டுக் கொண்டைக்கடலை. அந்த நீளக் கோடு எங்கள் தெரு. அதில் மூன்றாவது கட்டம் என் வீடு. ‘ஒன்பது’ என்று போட்டிருந்தாள். என் குக்கர் வெயிட் தேய்ந்து கண்டபடி விசில் அடிக்க ஆரம்பித்து ரெண்டு மாசம் ஆகிறது, அதை ஊரறிய எழுதி வைக்க வேண்டுமா?

ஏட்டு சிரிக்கவில்லை. எழுதிய தாளைக் கிழித்துவிட்டு, வெள்ளைத் தாள் ஒன்றை ரவிச்சந்திரன் பக்கம் தள்ளினார். “ஊட்ல யார் யாரு கீறாங்கன்னு உங் கையால எழுது. பாத்துட்டுதான் பொண்ணு ஃபைலைப் பத்திச் சொல்வேன்.”

மூன்று பெயரை எழுதினார். நாலாவதுக்குப் பேனா நின்றது. லெங்கா அவர் பக்கத்தில் குனிந்து, தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். எழுதி முடித்ததும் ஏட்டு வாங்கி, ஃபைலில் வைத்து, “பொண்ணு மேல ஒண்ணும் இல்ல” என்று கையெழுத்துப் போட்டார். என்னிடமும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

மூன்றாவது விசிலை யாரும் கவனிக்கவே இல்லை. அவர் படி இறங்கும்போது குக்கர் நாலாவது விசில் அடித்தது. “ஐயோ, பருப்பு!” என்று நாகம்மா ஓடினாள்.

லெங்கா நோட்டை மூடி ரவிச்சந்திரன் கையில் கொடுத்தாள். யோசித்து யோசித்துத் தமிழிலேயே சொன்னாள்:

“அங்கிள், பாருங்க. பரவாயில்ல. ஆனா பையில திரும்ப வைக்கும்போது தலைகீழா வைக்காதீங்க.”