வாசத்துக்கு மூன்றடிப் பாதை

மருதமுனையில் ஜவுபரின் வளவில் நிற்கும் கறுவா மரத்தின் வாசம் வேலியைத் தாண்டுவதில்லை. இலங்கைக் கறுவாவுக்கு ஐரோப்பாவில் புவிசார் குறியீடு கிடைத்த வாரத்தில், இரண்டாயிரத்து இருபத்திரண்டில், அது வேலியோடு நின்றது. அதற்கு முன் பட்டை உரிக்கும் நாளில் ஒழுங்கை முழுக்க மணக்கும். பிறகு, அதே பட்டையை வெளியே கொண்டுபோனால் வெறும் விறகு. நோன்புக் கஞ்சிக்குக் கொடுத்ததைப் பள்ளிவாசல் சமையல்காரர் திருப்பி அனுப்பினார். கச்சேரியிலிருந்து வந்த காணி அதிகாரி ஒருவர் வேலியோரமாக மோந்துகொண்டே நடந்து, எல்லை சரி என்று எழுதிவிட்டுப் போனார்.

வளவு பதினாறு பேர்ச். மனைவி மவுத்தான பிறகு ஜவுபருக்கு மிச்சம் கலியாணமாகாத இரண்டு குமர்ப் பிள்ளைகள். அந்தப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் இல்லை. மூத்தவள் ஸுஹைறாவுக்கு வீட்டையும் மரம் நிற்கும் பத்துப் பேர்ச்சையும் எழுதி, சாகும்வரை தானும் அங்கே இருக்கும் உரித்தை மட்டும் வைத்துக்கொண்டார். நொத்தாரிசு முத்திரை குத்திய கணத்தில் வாசம் புதிய எல்லைக்கல்லோடு ஒதுங்கியது. மற்ற ஆறு பேர்ச்சில் இளையவள் பாஹிமாவுக்கு இரண்டு வருடமாக ஒரு வீடு கட்டினார்.

பாஹிமாவுக்குப் பேசிய மாப்பிள்ளையின் தாய் சபியா உம்மா வந்து, புதுக் குசினியில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"மூத்தவக்கு மணக்கிற காணி, இளையவக்கு மணக்காத காணியா? எங்கட மகன் என்ன, தவிட்டுக்கு வாங்கின புள்ளையா?"

"வாசத்த எப்பிடி ராத்தா பங்கு வெக்கிற?"

"அது உங்கட வேல. பெருநாளைக்குள்ள முடிவச் சொல்லுங்க."

பாஹிமாவுக்கு இருபத்தொன்பது வயது. ஏற்கனவே மூன்று சம்மந்தம் குழம்பியிருந்தது. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டு முட்டை அவிக்கப் போனாள்.

நொத்தாரிசுதான் வழி சொன்னார். பின்வளவுக்காரர் நடக்க மூன்றடிப் பாதை விடுவதுபோல வாசத்துக்கும் எழுதி விடலாம். ஸுஹைறாவின் கணவன் பஸால் சம்மதித்தான். ஆனால் மாமா தன்னுடைய இருப்பு உரித்தை விட்டுவிட வேண்டும். பிள்ளைகளுக்கு எழுதும் எவரும் அந்த வரியை விடுவதில்லை.

"நீங்க எங்க போகப்போறீங்க மாமா? சும்மா ஒரு கையெழுத்துத்தானே."

ஜவுபர் சட்டைப்பையில் பேனையைத் தேடினார். கையெழுத்து வைத்த கையோடு பாஹிமாவின் வீட்டையும், தனக்கு உரித்து எதுவும் வைக்காமல், முழுதாக எழுதிக் கொடுத்தார்.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு வாசம் பாதையால் நடந்து பாஹிமாவின் குசினிக்குள் வந்தது. ஜவுபரை மட்டும் ஒரு பாகத் தூரம் விலகி, சுற்றிக்கொண்டு போனது. எந்தக் காணியிலும் அவருக்கு உரித்தில்லை, அதனால் அது முறைதான் என்றார் நொத்தாரிசு. கறுவாத் தேநீர் அவருக்குச் சுடுதண்ணீராக இருந்தது. குடித்தார். கலியாணம் நடந்தது. அவர் பாஹிமாவின் வீட்டு விறாந்தையில் படுத்தார்.

மறு வருடம் பாஹிமா பிள்ளை உண்டானாள். கறுவா மணம் பட்டாலே சத்தி எடுத்தாள். ஒரு பகல், சோற்றுக் கோப்பையோடு வாப்பாவின் பக்கத்துக்குக் கதிரையை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"கொஞ்சம் அரங்குங்க வாப்பா."

கதிரைக்கு இடம் விட்டு அரங்கினார். பிள்ளை பிறக்கும்வரை அவள் அந்த ஒரு பாகத்துக்குள் இருந்துதான் சோறு தின்றாள்.