இரண்டு மணி நேர மாவு

ஐந்தாவது நாளும் மாவு தொப்பென்று அமுங்கிக் கிடந்தது. ஈரத் துணியை எடுத்ததும் புளித்த வாடை மூக்கில் ஏறியது. பிசைந்த மாவை இரண்டு மணி நேரம் உப்பவிட வேண்டும். அத்தான் பேக்கரி திறந்த நாளிலிருந்து அதுதான் சட்டம். நானும் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் எடுத்தேன். ஒரு நிமிஷம் முன்னே பின்னே கிடையாது.

அக்கா கை முறிந்து வீட்டில் இருந்ததால் ஐந்து நாளாக மாவு என் பொறுப்பு. அத்தான் ஈஸ்ட்டை மாற்றினார், மாவு மூட்டையை மாற்றினார். மிச்சம் இருந்தது நான்தான். திங்கட்கிழமை முதல் வேறு ஆள் வருவதாக என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். இந்த வேலையை விட்டால் எனக்கு வேறு போக்கில்லை. அதைவிட, கைராசி இல்லாதவள் என்ற பேரோடு போவதை நினைத்தால் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை, விஷயம் கேள்விப்பட்டு அக்கா கட்டுப் போட்ட கையோடு வந்துவிட்டாள். எப்போதும் திறந்தே கிடக்கும் மாவறைக் கதவை இழுத்துச் சாத்தினாள். பின்பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து. பள்ளி திறக்கும் வாரத்தில் ரொட்டி இரட்டிப்பாகப் போகும்; அந்த வாரம் மாவு உப்ப எவ்வளவு நேரம் ஆனது என்று வருஷா வருஷம் குறித்திருந்தாள். முதல் வரி இரண்டு மணி. அப்புறம் ஒன்றே முக்கால், மழை பெய்த ஒரு வருஷம் மறுபடி இரண்டு, பிறகு ஒன்றரை. போன வருஷம் ஒன்றேகால். வெக்கை ஏற ஏற மாவு சீக்கிரம் உப்பிவிடுகிறது, அதற்கு மேல் விட்டால் புளித்து அமுங்கிவிடும்.

"உங்க சட்டத்த நான் மீறி வருஷம் பன்னெண்டாச்சு," என்றாள் அத்தானிடம். "கத்துவீங்கன்னு சொல்லல. இவ மேல தப்பில்ல. நீங்க சொன்னத அப்படியே கேட்டா பாருங்க, அதான் தப்பு."

பூமி சூடாகிறது என்று செய்தியில் சொன்னால், யார் கண்ணால் பார்த்தார்கள் என்று டிவியை அணைக்கிறவர் அத்தான். கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு கதவை மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தார். ஒரு கதவை வைத்து உலகத்தை அளக்க முடியுமா, எனக்குத் தெரியாது. எனக்காக அக்கா அவரிடம் தானாக மாட்டிக்கொண்டாளே, அது தெரிந்தது. என்னவோ சொல்ல வாயெடுத்தேன். போடி, போய்க் கையைக் கழுவு என்றாள்.

புது மாவு பிசைந்து மூடி வைத்தேன். ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, அத்தான் வந்து நின்றார்.

"திங்கக்கிழமை ஆள வரவேணாம்னு சொல்லிட்டேன்," என்றார். "எடுக்கலாமா? நீயே பாத்துச் சொல்லும்மா."

துணியை விலக்கி விரலால் அழுத்தினேன். பதம் வந்த மாவில் எழுவதுபோல் பள்ளம் மெதுவாக மேலே எழுந்து வந்தது. மூன்று பேரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.