பலகைக்கு இந்தப் பக்கம்

அந்தப் பிள்ளைக்கு நாலு வயசுதான். தொண்டை மட்டும் நாற்பது பேருக்கானது. பாலர் பள்ளி ஆயா அவளுக்கு வைத்த பெயர் இடி. மேசைமேல் ஏறிக் குதிப்பாள், கதவை அறைந்து சாத்துவாள், மற்ற பிள்ளைகள் கண்ணயரும் நேரம் பார்த்து வீல் என்று கத்துவாள். வெள்ளிக்கிழமை ஒரு பையனின் தோளில் பல் பதியக் கடித்துவைத்தாள். பையனின் அம்மா வந்து ஆடித் தீர்த்துவிட்டுப் போனாள்.

பள்ளியை நடத்துகிற டீச்சருக்கும் பொறுமை போய்விட்டது. "அடக்கம்னா என்னன்னே தெரியாத ஜென்மம். திங்கட்கிழமையிலேர்ந்து வேண்டாம்" என்று ஆயாவிடம் சொல்லிவிட்டாள். பிள்ளையின் அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். பிள்ளையை விட வேறு இடமில்லை. பள்ளி இல்லையென்றால் வேலையும் இல்லை. அதெல்லாம் டீச்சருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் ஆள் விட்டுச் சொல்லாமல், சனிக்கிழமை மத்தியானம் தானே நேரில் போனாள். அந்த மட்டுக்கும் நல்ல மனுஷிதான்.

மூன்றாவது மாடி. தட்டுவதற்குக் கையைத் தூக்குவதற்குள் கதவு திறந்தது. இடி நின்றுகொண்டிருந்தாள், உதட்டின்மேல் விரலை வைத்தபடி.

உள்ளே ஒரே அறை, அதிலும் பாதி. நடுவில் பலகை அடித்து மறித்திருந்தது. அந்தப் பக்கத்துக் குறட்டை இந்தப் பக்கம் காதுக்குள்ளேயே கேட்டது. அம்மா டீச்சரின் அருகே வந்து கிசுகிசுத்தாள்.

"ராத்திரியில லாரி ஓட்டுறவர், பகல்ல தூங்கணும். பிள்ளை சத்தமே கேக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் பாதியை எங்களுக்கு விட்டார். இந்த வாடகைக்கு வேற எங்க கிடைக்கும்?"

டீச்சர் பாயில் உட்கார்ந்தாள். சொல்ல வந்ததைக் கிசுகிசுப்பாக எப்படிச் சொல்வது என்று புரியவில்லை. அதனால் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடி டப்பா மூடிகளைத் துணியின்மேல் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றோடொன்று மோதாதபடி நடுவில் விரலைக் கொடுத்து, பிறகு விரலை மெல்ல உருவினாள். தண்ணீர் குடிக்க எழுந்தவள் சுவரோரமாகவே நடந்தாள். நடுவில் ஒரு இடத்தில் மரத் தரை முனகுமாம், அம்மா காதோடு சொன்னாள். இருமல் வந்தபோது தலையணையில் முகத்தைப் புதைத்து இருமிவிட்டு, ஒன்றும் நடக்காதவள்போல் மூடிகளிடம் திரும்பினாள். டீச்சர் முகத்தைக் கோணிக் காட்டினாள். பிள்ளை வாயை அகலத் திறந்து, தோள் குலுங்க, கண்ணில் நீர் முட்டச் சிரித்தாள். ஒரு துளிச் சத்தம் இல்லை.

டீச்சருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. பிள்ளைகளைக் கப்சிப் என்று உட்காரவைப்பதற்காகவே ஆயுசில் பாதியைக் கத்தித் தீர்த்தவள் அவள். இப்படி ஒரு அடக்கத்தைப் பெரியவர்களிடம்கூடக் கண்டதில்லை. இவளையா அப்படிச் சொன்னோம் என்று வெட்கமாக இருந்தது. அந்தச் சின்ன உருவத்தின் முன்னால் எழுந்து நிற்க வேண்டும்போலவும் இருந்தது.

நிஜமாகவே எழுந்தாள். அவளுக்கு வழிவிட நகர்ந்த பிள்ளையின் கால்விரல் கதவு நிலையில் மோதி, நகம் பெயர்ந்து ரத்தம் வந்துவிட்டது. டீச்சர் "ஐயோ" என்று வாயெடுப்பதற்குள் அம்மா அவள் வாயைப் பொத்தினாள். பிள்ளையோ தன் வாயைத் தானே இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, நொண்டி நொண்டி மூன்று மாடியும் இறங்கினாள். தெருவுக்கு வந்தபிறகுதான் கையை எடுத்தாள். அப்புறம் அழுதாள் பாருங்கள், போகிறவர் வருகிறவரெல்லாம் நின்றுவிட்டார்கள்.

"அழுகை வந்தா கீழ போயிடுவா" என்றாள் டீச்சரோடு பின்னாலேயே இறங்கிவந்த அம்மா. "நான் சொல்லித் தரல டீச்சர்."

டீச்சர் தெருவிலேயே உட்கார்ந்து, கைக்குட்டையால் பிள்ளையின் விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ஏதோ சொல்ல வந்தீங்க..." என்று இழுத்தாள் அம்மா. என்ன விஷயம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

"திங்கட்கிழமை..." டீச்சர் கைக்குட்டையை இன்னொரு சுற்றுச் சுற்றினாள். "திங்கட்கிழமை கொஞ்சம் சீக்கிரமா கூட்டிட்டு வாங்க. மத்த பசங்க வர்றதுக்கு முன்னாடி இவ ஆசை தீரக் கத்திக்கட்டும். நான் கூட இருக்கேன்."

பிள்ளை அழுகையை நிறுத்தினாள். அம்மாவை அண்ணாந்து பார்த்தாள். பிறகு டீச்சர் பக்கம் திரும்பிக் கேட்டாள்:

"அம்மாவும் வந்து கத்தலாமா டீச்சர்?"